மத்திய வங்கியில் நடந்தது நமக்கு எதற்கு?

"மேலிடத்துக் களவைப் பற்றிப் பேசி நமக்கென்ன பயன்? அவர்கள் தின்பார்கள், நாங்கள் வரிசையில் நிற்போம்." கிராமக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. சொல்பவர்களில் பிழை காண முடியாது. காணியையும் கிணற்றையும் விட்டு, உறுதியைக் கூட எடுக்காமல் இடத்துக்கு இடம் அலைந்தவர்களுக்கு அரசாங்கம் என்பது பெரும்பாலும் ஒரு படிவமும் ஒரு தவணையுந்தான். ஆயினும் ஊழல் நம்மிடமிருந்து கொண்டுபோவது பணத்தை மட்டுந்தானா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. இந்தப் பாடத்தில் நம் நாட்டில் நடந்த ஒன்றை எடுத்து ஆராய்வோம்.

2015 ஜனவரி 8 ஆம் திகதி நடந்த தேர்தலில், நல்லாட்சி என்ற சொல்லை முன்வைத்தவர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். வடக்குக் கிழக்கு மக்களும் பெருவாரியாக அவர்களுக்கே வாக்களித்தார்கள். சரியாக ஐம்பது நாள் கழித்து, பெப்ரவரி 27 ஆம் திகதி, மத்திய வங்கி 30 ஆண்டுத் திறைசேரி முறிகளை ஏலத்தில் விட்டது.

திறைசேரி முறி என்பது அரசாங்கம் கடன் வாங்கும் ஒரு வழி. குறைந்த வட்டிக்குக் கொடுக்க முன்வருபவரிடம் வாங்குவதற்காகவே ஏலம் வைக்கிறார்கள். இதை நம் வயலுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். கமக்காரர் அமைப்பு 100 மூடை விதைநெல் வேண்டுமென்று வியாபாரிகளிடம் விலை கேட்கிறது. நூறு மூடைதானே என்று ஒவ்வொருவரும் விலையைக் குறைத்துத்தான் சொல்வார்கள். ஆனால் உண்மையில் 1,000 மூடை எடுக்கப்போகிறார்கள் என்று ஒருவருக்கு மட்டும் முன்கூட்டியே தெரிந்தால்? அவர் கூடிய விலையைச் சொல்லிவிட்டுக் கவலையில்லாமல் இருப்பார். எப்படியும் தன்னிடம் வந்துதானே ஆகவேண்டும்!

அன்று மத்திய வங்கி கேட்டது 100 கோடி ரூபா. எடுத்தது 1,000 கோடிக்கு மேல். அதில் ஏறக்குறையப் பாதி ஒரே கம்பனிக்குப் போயிற்று. பேர்ப்பெச்சுவல் ட்ரெஷரீஸ் என்ற அந்தக் கம்பனி, அப்போதைய ஆளுநர் அர்ஜுன மகேந்திரனின் மருமகனோடு தொடர்புடையது. இந்த முறிகொள்வனவுகளை விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழு 2017 டிசெம்பரில் தன் அறிக்கையைக் கொடுத்தது. அந்தக் கம்பனி பெருலாபம் அடைந்ததென்றும், ஊழியர் சேமலாப நிதியம் உட்பட அரச நிறுவனங்களுக்கு 850 கோடி ரூபாவுக்கு மேல் நட்டமென்றும் அதிலிருந்து தெரியவந்தது. சேமலாப நிதியம் யாருடைய பணம்? தோட்டத் தொழிலாளருடையது. கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலைக்குப் போன நம் பிள்ளைகளுடையது. மாதா மாதம் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு எட்டு வீதம் கழிபடுகிறதே, அதுதான்.

பண நட்டத்தை எண்ணிச் சொல்லலாம். மற்ற நட்டத்துக்குக் கணக்கில்லை. 2018 இல் முன்னாள் ஆளுநரைக் கைதுசெய்ய நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்தபோது அவர் நாட்டில் இல்லை. அந்தப் பெப்ரவரியில் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் ஆளும் கட்சிகள் பெருந்தோல்வி கண்டன. நல்லாட்சி என்ற சொல் சந்தையிலே பகிடிச் சொல்லாகிவிட்டது. நம் கருத்துப்படி இதுவே பெரிய இழப்பு. ஏனெனில் அதே அரசாங்கந்தான் 2016 இல் தகவல் உரிமைச் சட்டத்தையும் கொண்டுவந்தது. ஆனால் பகிடிக்குள் அதுவும் அகப்பட்டுக்கொண்டது. இன்றைக்கும் நம் குடும்பங்களில் பலருக்கு அந்தச் சட்டத்தால் தமக்கு என்ன செய்ய முடியும் என்பது தெரியாது.

நம்பிக்கை இழந்த மக்கள் பலமான ஒரு கை வந்தால் போதும் என்று நினைக்கத் தொடங்குகிறார்கள். 2019 க்குப் பின் நடந்ததை வயல் செய்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2021 மே மாதத்தில் யாரையும் கேளாமல் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டது. சீனாவிலிருந்து வந்த சேதன உரக் கப்பலை, தீங்கான பக்றீரியா இருக்கிறதென்று இறக்க மறுத்தார்கள். மறுத்த உரத்துக்கு 2022 ஜனவரியில் 60 இலட்சத்துக்கு மேற்பட்ட டொலர் செலுத்தினார்கள். மருந்துக்கும் எண்ணெய்க்கும் டொலர் இல்லாதிருந்த காலம் அது!

2023 நவம்பர் 14 ஆம் திகதி உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. பொருளாதார வீழ்ச்சிக்குக் காரணமான முன்னாள் ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்சவும் வேறு சிலரும் மக்கள் தம்மிடம் ஒப்படைத்த பொது நம்பிக்கையை மீறினார்கள் என்பது அதன் சாரம். இது சட்டப் புத்தகத்துச் சொல்தான். ஆனால் இடம்பெயர்ந்தவர்களைவிட இதை நன்றாக விளங்கக்கூடியவர் யார்? போகும்போது அயலவரிடம் காணியைப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டுப் போனோம். அவர் தேங்காய் பொறுக்கலாம், மாங்காய் பறிக்கலாம். மரத்தைத் தறித்து விற்க முடியாது. காணி அவருடையதல்ல. ஆட்சி செய்பவரின் நிலையும் அதுவே.

இப்போது நம் பக்கத்தையும் பார்க்கவேண்டும். வீட்டுத்திட்டப் பட்டியல் வந்ததும், "ஆள் பிடித்தவனுக்குத்தான் கிடைத்திருக்கும்" என்கிறோம். சில வேளை அது உண்மை. பல வேளைகளில் நாம் விசாரிக்கவே இல்லை. விசாரிக்காமல் தரகருக்குக் காசு கொடுக்கிறோம். நேர்மையாக வேலை செய்யும் கிராம அலுவலரையும் கள்ளர் கணக்கில் சேர்க்கிறோம். எல்லாரும் கள்ளர் என்றால் உண்மையான கள்ளனுக்கு மிகவும் வசதி. அவனைத் தனியாகக் காட்ட ஒருவரும் இல்லை. பிறகு இந்தச் சந்தேகம் நம் சங்கத்துக்குள்ளும் வருகிறது. சந்தாக் கட்ட ஆளில்லை, கூட்டத்துக்கு ஆளில்லை, கணக்குப் பார்க்க ஆளில்லை. கணக்குப் பார்க்க ஆளில்லாத இடத்தில் பொருளாளர் எவ்வளவு நல்லவராய் இருந்தாலும் பேச்சு வரத்தான் செய்யும்.

எல்லாவற்றையும் நம்பிவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. கேட்டுப் பார்த்து நம்புவதற்கு ஒரு வழி இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி, எந்தப் பிரசையும் பிரதேச செயலகத்திலோ கமநல அபிவிருத்தித் திணைக்களத்திலோ உள்ள தகவல் அலுவலரிடம் கேட்கலாம். தமிழிலே எழுதலாம். எழுத முடியாதவர் வாயால் சொல்லலாம், அலுவலரே எழுதிக்கொள்ளவேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவேண்டியதில்லை. கொடுத்ததற்கு ஒரு பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் தரலாமா இல்லையா என்று தீர்மானிக்கவேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் மேன்முறையீட்டு அலுவலரிடம் 14 நாட்களுக்குள் போகலாம். அங்கும் சரிவராவிட்டால் கொழும்பிலுள்ள தகவல் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. "எங்களுக்கு ஏன் அநியாயம் செய்தீர்கள்?" என்று எழுதினால் பதில் வராது. "இன்ன கிராம அலுவலர் பிரிவில் இன்ன ஆண்டு வீட்டுத்திட்டத்துக்குத் தெரிவு எந்த நிபந்தனைகளின்படி நடந்தது? எத்தனை பேருக்கு என்ன புள்ளி?" என்று எழுதவேண்டும்.

குழுவாகக் கூடும்போது இவற்றைக் கலந்து பேசலாம்: சென்ற ஆண்டு நமக்கு மறுக்கப்பட்டதாக நாம் நினைக்கும் உதவி எது, அதற்கான காரணத்தை யாராவது எழுத்தில் பார்த்திருக்கிறோமா? நம் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தை உறுப்பினர் அல்லாத ஒருவர் வந்து கேட்டால் காட்டுவோமா? முதலாவது விண்ணப்பத்தை இந்த மாதமே எழுதுவதென்றால் எதைப் பற்றி எழுதுவது, யார் கொண்டுபோய்க் கொடுப்பது?