பத்திரத்தில் ஒப்பமிடுபவர் யார்?

குற்றாலம்

தம்பிக்கு,

தென்காசியில் தென்னை நார் ஏற்றுமதி செய்யும் ஸ்தாபனமொன்றில் டாக்குமெண்ட் வேலை முழுவதும் உன் பொறுப்பாயிற்று என்று கண்டு மகிழ்ந்தேன். எல்.சி. என்னும் வங்கிக் கடனுறுதிக் கடிதம் வந்தவுடன் தொகையையும் கப்பலேற்ற வேண்டிய கடைசித் தேதியையும் பார்த்துக்கொள்வதாக எழுதியிருக்கிறாய். அவற்றோடு, கேட்கப்பட்ட ஒவ்வொரு பத்திரத்தையும் எவர் வழங்கவேண்டும் என்பதையும் அன்றே பார்த்தாக வேண்டும்.

கும்பினியார் காலத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் வைத்து வளர்த்த இந்தக் குற்றாலத்துச் சரிவிலிருந்து வாசனைத் திரவியம் போனாலும் சரி, உங்கள் நார் போனாலும் சரி, வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை; காகிதத்தையே பார்க்கிறது. அந்தப் பார்வைக்குப் பிரமாணமாக இருப்பவை, பாரிஸில் உள்ள சர்வதேச வர்த்தக சபை 1933இல் முதன்முதலாக வெளியிட்டு, பலமுறை திருத்தி, 2007 ஜூலை 1 முதல் யூ.சி.பி. 600 என்ற பெயரில் அமலுக்குக் கொண்டுவந்த விதிகள். அவற்றின்படி இன்வாய்ஸ், பயனாளியாகிய உங்கள் ஸ்தாபனம் வழங்கியதாகத்தான் இருக்கவேண்டும். இன்ஷூரன்ஸ் பத்திரத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனியோ அண்டர்ரைட்டரோ அவர்களுடைய ஏஜெண்டோ தரலாம். தரகர் எழுதிக் கொடுக்கும் கவர் நோட் செல்லாது. பில் ஆஃப் லேடிங்கில் தூத்துக்குடி ஏஜெண்டு கையெழுத்திட்டால், கப்பல் கம்பெனிக்காக இடுகிறாரா, மாலுமித் தலைவருக்காக இடுகிறாரா என்பது அந்தக் கையெழுத்தருகே விளங்கவேண்டும்.

மற்றப் பத்திரங்களில்தான் இளைஞர்கள் தடுமாறுகிறார்கள். வழங்குபவர் இன்னாரென்று எல்.சி. சொல்லாத இடத்தில், பத்திரம் தன் காரியத்தைச் செய்வதாகத் தோன்றி மற்றக் காகிதங்களோடு முரண்படாதிருந்தால் வங்கி ஏற்கும். எடைச் சான்றிதழை நீங்களே எழுதிக் கையெழுத்திடலாம். ஆனால் ‘தகுதி வாய்ந்த’, ‘சுயேச்சையான’, ‘புகழ்பெற்ற’ சர்வேயர் என்று ஒரு விசேஷணம் சேர்ந்துவிட்டதோ, அந்தத் தகுதியை வங்கி ஆராயப் போவதில்லை. எவர் வழங்கினாலும் போதும், நீங்கள் மட்டும் வழங்கக்கூடாது. பயிர்ச் சுகாதாரச் சான்றிதழ் விஷயம் வேறு: எல்.சி. எப்படி எழுதப்பட்டிருந்தாலும், அரசாங்கம் நியமித்த அதிகாரியின் கையெழுத்தில்லாததை சரக்கு இறங்கும் நாட்டுக் குவாரண்டைன் ஏற்காது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, சரக்கைப் பரிசோதித்த சான்றிதழில் வாங்குபவரோ அவருடைய பிரதிநிதியோ கையெழுத்திடவேண்டும் என்றும், அக்கையெழுத்து எல்.சி. திறந்த வங்கியிலுள்ள மாதிரியோடு ஒத்திருக்கவேண்டும் என்றும் வரும் நிபந்தனை. நார் விலை இறங்கிய மாதத்தில் அந்தப் பிரதிநிதி வராமலே இருந்துவிட்டால், பேல் கட்டிக் கண்டெய்னரில் ஏற்றி, கப்பலும் புறப்பட்ட பிற்பாடு, ஒரு கையெழுத்துக்காகப் பணம் நின்றுபோகும். விதியும் உன் பக்கம் பேசாது. வங்கி கொடுக்கும் வாக்குறுதிக்காகவே எல்.சி. கேட்கிறோம், அவ்வாக்குறுதியின் சாவியை மறுபடி வாங்குபவர் கையிலேயே கொடுக்கும் இந்த நிபந்தனையை, எவ்வளவு பழக்கமான வியாபாரியானாலும், ஒப்புக்கொள்ளலாகாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஆகையால், எல்.சி. கைக்கு வந்த அன்றே, வேண்டிய பத்திரங்களையும் கூடுதல் நிபந்தனைகளையும் சொல்லும் அதன் 46ஏ, 47ஏ பகுதிகளை முதலாளியோடு உட்கார்ந்து வாசி. ஒவ்வொரு பத்திரத்துக்கு எதிரிலும் வழங்குபவர் பெயரைப் பென்சிலால் எழுது. பெயர் எழுத முடியாமல் நிற்குமிடத்தில், லாரி தூத்துக்குடிக்குப் புறப்படுமுன் அமெண்ட்மெண்ட் கேட்டு வாங்கிவிடு.

இப்படிக்கு,
உன் அண்ணன்