மனக்கண்ணால் கண்டு, கைகளால் செய்வோம்



ஞாயிறு பூசையில் சுவிசேஷம் வாசிக்கக் கேட்கிறோம். நல்ல சமாரியன் உவமையை நம்மில் அறியாதவர் யார்? ஞானோபதேச வகுப்புக்கு வரும் சிறு பிள்ளையும் அதைத் தலைகீழாய் ஒப்புவிக்கும். ஆனால் அந்த உவமை நம் உள்ளத்தைத் தைக்கிறதா? அது எங்கோ ஜெருசலேமுக்கும் ஜெரிக்கோவுக்கும் இடையே, எப்போதோ நடந்த கதையாகவே நமக்குத் தோன்றுகிறது. கோயில் வாசலில் நெற்றியில் தொட்டுக்கொண்ட தீர்த்தம் வீடு சேருமுன் உலர்ந்துபோவது போல, கேட்ட சுவிசேஷமும் உலர்ந்து போகிறது. இந்த நோய்க்கு மருந்து ஒன்று உண்டு. அது பக்தியுள்ள கற்பனை.

கற்பனை என்றால் பொய் என்று எண்ணிவிட வேண்டாம். இல்லாததை நினைத்து நேரத்தைப் போக்குவது வீண் கற்பனை. விசுவாசத்தால் உண்மையென்று அறிந்ததை நம் ஊரிலும் நம் வீட்டிலும் கண்முன் நிறுத்திப் பார்ப்பதோ தியானத்தின் ஒரு பகுதி.

1. அர்ச்சியசிஷ்டவர்கள் காட்டிய வழி

1223-ம் ஆண்டு கிறிஸ்து பிறந்த திருநாளன்று, இத்தாலி நாட்டுக் கிரேச்சியோ என்னும் ஊரில், அசிசியார் அர்ச். பிரான்சிஸ்கு உண்மையான வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டுவரச் செய்து தீவனத்தொட்டி ஒன்றை அமைத்தார். பெத்லகேமைத் தம் ஊராரின் கண்முன் கொண்டுவர விரும்பினார். மார்கழியில் நம் வீடுகளில் வைக்கும் குடில் இந்த வழக்கத்தில் வளர்ந்ததே.

1521-ல் பாம்பலோனாக் கோட்டைப் போரில் இஞ்ஞாசியார் காலில் பீரங்கிக் குண்டு பாய்ந்தது. படுக்கையில் கிடந்தவர் வீரர் கதைகளைக் கேட்டார். கிடைத்தவையோ சேசுநாதர் சரித்திரமும் அர்ச்சியசிஷ்டவர்கள் சரித்திரமுமே. உலகப் புகழை எண்ணிக் கற்பனை செய்தபோது சிறிது இன்பம் தோன்றிப் பின்பு மனம் வறண்டது. அர்ச். பிரான்சிஸ்குவும் அர்ச். சாமிநாதரும் செய்ததை நானும் செய்தால் என்ன என்று எண்ணியபோதோ மகிழ்ச்சி நிலைத்து நின்றது. பிற்காலத்தில் அவர் தியான முறை வகுத்தபோது, முதலில் இடத்தை மனக்கண்ணால் பாருங்கள் என்றார். நாசரேத்திலிருந்து பெத்லகேம் போகும் வழி எவ்வளவு நீளம்? சமவெளியா, மேடுபள்ளமா? அந்தக் குகை பெரிதா, சிறிதா? இப்படிப் பார்த்த பிறகே தியானிக்கச் சொன்னார்.

2. நம் நாட்டில் நடந்தது

அந்தத் தியானத்தில் பயின்ற சேசு சபைக் குருக்களே மதுரை மிஷனை நடத்தினார்கள். அவர்களுள் ஒருவர் வீரமாமுனிவர். 1680-ல் இத்தாலியில் பிறந்து, 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாடு வந்தவர். கோவில்பட்டிப் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் பணிபுரிந்தவர். அவர் பாடிய தேம்பாவணியில் 3615 பாடல்கள் உள்ளன. அதன் நாயகர் அர்ச். சூசையப்பர். அவருக்கு வளன் என்று தமிழ்ப் பெயர் சூட்டினார். யூதேயாவைப் பாடும்போது தமிழ்க் காப்பிய முறைப்படி மழையும் ஆறும் வயலும் பாடினார். தேவமாதாவைக் கோணான்குப்பத்தில் பெரியநாயகி என்றும், ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா என்றும் நம் வாயில் வழங்கும் பெயரால் அழைக்கச் செய்தார். தமிழர் உள்ளத்தில் திருக்குடும்பம் அந்நியராய் நிற்கலாகாது என்பதே அவர் கருத்து.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் வாழும் நமக்கு இது விளங்காத காரியமன்று. மார்கழி விடியலில் திருப்பாவையின் 30 பாட்டும் ஒலிக்கக் கேட்கிறோம். ஆண்டாள் தன் ஊரையே ஆயர்பாடியாகவும், தன் தோழியரையே ஆயர் பெண்களாகவும் பாவித்தாள் என்று நம் அயலார் வழிவழியாகச் சொல்வார்கள். அவர்கள் பக்தி வேறு, நம் விசுவாசம் வேறு. ஆயினும் பக்தி கொண்ட உள்ளம் தன் ஊரையே புதிதாய்க் காணும் என்பதை நாமும் அறிந்துகொள்ளலாம்.

3. நம் சாலையில் அந்த உவமை

இப்போது கண்களை மூடி, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் வரும் சாலையை நினைத்துப் பாருங்கள். மேற்கே மலை. இரவு ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் ஒருவர் அடிபட்டு ஓரத்தில் கிடக்கிறார். முதலில் வருகிறவர் நம் பங்கைச் சேர்ந்தவர். பக்த சபைக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று போய்விடுகிறார். இரண்டாமவர் நல்ல மனிதர்தான். போலீஸ், சாட்சி என்று அலைய நேருமே என அஞ்சிப் போய்விடுகிறார். மூன்றாமவர் நின்று, காயத்தைக் கட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்து, தன் பையிலிருந்து பணமும் கொடுக்கிறார்.

அந்த மூன்றாமவர் யார்? இங்கேதான் சோதனை. நமக்குப் பிடித்த ஒருவரை அங்கே நிறுத்தினால் உவமை செத்துப்போகும். யூதருக்குச் சமாரியன் ஆகாதவன். ஆகவே, நம் வீட்டில் நாம் தனித் தம்ளரில் தண்ணீர் கொடுப்பவரை, அல்லது வாசலோடு பேசி அனுப்பும் சாதிக்காரரை அங்கே நிறுத்திப் பாருங்கள். வடநாட்டிலிருந்து மில் வேலைக்கு வந்து, மொழி தெரியாமல் கடை வாசலில் ஏளனப் பேச்சுக் கேட்கும் இளைஞனை நிறுத்திப் பாருங்கள். பிறகு, அடிபட்டுக் கிடப்பது நாமே என்று எண்ணிப் பாருங்கள். அவர் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிப்போமா? குடிப்போமென்றால், நாளைக்கு அவரை நம் திண்ணையில் உட்காரச் சொல்ல ஏன் தயங்குகிறோம்? ஒரே பந்தியில் நற்கருணை வாங்கும் நாம் இதற்கு என்ன பதில் சொல்வோம்?

4. நம் வேலையில்

சேசுநாதர் மோட்ச இராச்சியத்தைப் பற்றிப் பேசியபோது புளித்த மாவையும், வலையையும், வீடு கூட்டிக் காசு தேடும் பெண்ணையும் எடுத்துக் காட்டினார். அவர் நம் ஊரில் போதித்தால் எதைக் காட்டுவார்?

சத்திரப்பட்டியில் தறி ஓட்டுகிற சகோதரி நெய்வது பேண்டேஜ் துணி. அது எந்த ஊரில், யார் புண்ணைச் சுற்றுமோ அவள் அறியாள். அந்தப் புண் கிறிஸ்துநாதருடையது என்று மனக்கண்ணால் கண்டால், இழை குறைத்து நெய்ய மனம் வருமா? துணியை வாங்கி விற்கும் முதலாளியும் அப்படியே கண்டால், அவள் கூலியைக் குறைக்க மனம் வருமா?

பால்கோவா கிண்டுகிறவர் அடுப்பை விட்டு அகல முடியாது. சற்றே கை ஓய்ந்தால் அடிப்பிடித்துவிடும். நம் செபமும் அப்படியே. பாலில் கலப்படம் செய்யாத கை, செபமாலை உருட்டும் கையைப் போலவே சர்வேசுரனுக்கு உகந்தது. நூற்பாலையில் அறுந்த இழையை முடிகிறவர், வீட்டில் அண்ணன் தம்பிக்குள் அறுந்துபோன பேச்சை நினைத்துக்கொள்ளட்டும்.

ஓர் எச்சரிக்கை. கண்ணீர் வரும்படி தியானித்துவிட்டு ஒன்றும் செய்யாமல் எழுந்தால் அந்தக் கற்பனை வெறும் புகை. நற்கிரியை சேராத விசுவாசத்தை அர்ச். யாகப்பர் உயிரற்ற உடலுக்கு ஒப்பிடுகிறார்.

இவ்வாரப் பயிற்சி

1. இரவு செபத்துக்கு முன், ஞாயிறு வாசித்த சுவிசேஷத்தைத் தகப்பனார் மீண்டும் வாசிக்கட்டும். இது நம் தெருவில் நடந்தால் எந்த வீட்டு வாசலில் நடக்கும் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் பதிலைத் திருத்தாமல் கேளுங்கள்.

2. வேலை தொடங்குமுன் சிலுவை அடையாளம் வரைந்து, இன்று என் கை வேலை யாரைச் சென்றடையும் என்று ஒரு நிமிடம் எண்ணுங்கள்.

3. உங்கள் மனம் மூன்றாமவராய் நிறுத்தத் தயங்கிய அந்த ஆள் யாரோ, அவரிடம் இந்த வாரத்திலேயே ஒரு நல்ல வார்த்தை பேசுங்கள். கூடுமானால் வீட்டுக்குள் அழைத்து, நீங்கள் குடிக்கும் தம்ளரிலேயே காப்பி கொடுங்கள்.

அடுத்த ஞாயிறு சுவிசேஷம் வாசிக்கப்படும்போது, அது தூர தேசத்துக் கதையாக ஒலிக்கிறதா, நம் சாலையின் செய்தியாக ஒலிக்கிறதா என்று உங்களையே சோதித்துக்கொள்ளுங்கள். திருக்குடும்பத்தின் தலைவரான அர்ச். சூசையப்பர் நமக்காக வேண்டிக்கொள்வாராக.