வடகத்துக்கு மல்லாட்டை: அக்கம்பக்கத்துப் பண்டமாற்றும் நம் சிக்கனக் கணக்கும்



சித்திரை மாதம் செஞ்சிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சந்தா வசூல் முடிந்து உள்கடன் பேச்சு வந்தது. ஒரு உறுப்பினர் ஆயிரம் ரூபாய் கேட்டார். எதற்கு என்று தீர்மான நோட்டில் எழுத வேண்டுமே, ஊக்குநர் கேட்டார். "வீட்டுச் செலவு" என்றார். என்ன வீட்டுச் செலவு என்று திரும்பக் கேட்டதில், எண்ணெய், மிளகாய்த்தூள், தாளிக்கிற வடகம், பிள்ளைக்குப் பாவாடை தைக்கிற கூலி என்று ஒவ்வொன்றாக வந்தது. மூலையில் உட்கார்ந்திருந்த வயதான அம்மா ஒருத்தர் வாயைத் திறந்தார்.

"ஏம்மா, உன் வீட்டு நடையில ரெண்டு மூட்டை மல்லாட்டை கெடக்குது. எதிர் வீட்ல வடகம் போட்டு பானை நெறைய வச்சிருக்கா. பக்கத்துலயே மிஷின் தைக்கிறவ இருக்கா. அத்த மாத்திக்காம, கடன வாங்கினு கடைக்கு ஓடுவியா?"

எல்லோரும் சிரித்தார்கள். கடன் கேட்டவர் சிரிக்கவில்லை. "போய் கேட்டா, இல்லாதவன்னு நெனப்பாங்க" என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த மாதப் பாடத்தைப் பண்டமாற்று பற்றி எழுத நினைத்தோம். கடன் வாங்குவதில் வராத வெட்கம், கையில் இருக்கிற பொருளைக் கொடுத்து வேறு பொருள் கேட்பதில் வருகிறது. நம் குழுவில் வாங்கினாலும் வட்டி உண்டு. தண்டல்காரரிடம் போனால் கையில் கொடுக்கும்போதே ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டுதான் கொடுக்கிறார். மல்லாட்டையைக் கொடுத்து வடகம் வாங்கினால் வட்டி ஏது?

நம் பாட்டிமார் இதற்கு வெட்கப்பட்டதில்லை. சங்க காலத்தில் உமணர்கள் உப்பை வண்டியில் ஏற்றி வந்து நெல்லுக்கு மாற்றினார்கள் என்று பழைய பாட்டுகளில் இருக்கிறது. நம் மாவட்டத்திலேயே மரக்காணத்தில் உப்பளம் இருக்கிறது. உப்பு வண்டி வந்தால் முறத்தில் நெல்லை எடுத்துக்கொண்டு ஓடியதை வயதான உறுப்பினர்களிடம் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். அறுவடைக் கூலி நெல்லாக வந்தது. மல்லாட்டை பிடுங்கப் போனால் மல்லாட்டையே கூலி. நம் ராஜகிரி அடிவாரத்தில் நிற்கிற களஞ்சியங்களைப் பார்த்திருப்பீர்கள். ராஜாக்கள் காலத்திலும் நெல்தான் பாதிப் பணம். (2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டையை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த பிறகு வெளியூர் ஆட்கள் நிறைய வருகிறார்கள். நம் உறுப்பினர்களில் பலர் இன்னும் களஞ்சியம் வரைக்கும் போனதில்லை. ஒருநாள் போய் வாருங்கள்.)

ஆனால் பழைய பண்டமாற்று எல்லாம் இனிப்பு என்று நாங்கள் சொல்ல மாட்டோம். களத்தில் துணி வெளுத்தவருக்கும் முடி வெட்டியவருக்கும் எத்தனை மரக்கால் நெல் என்று முடிவு செய்தது அவர்கள் இல்லை, நெல் வைத்திருந்தவர். அதற்குப் பிறகு வந்த பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம், பழைய துணிக்குப் பாத்திரம், தலைமுடிக்கு ஊக்கு, எல்லாமே அப்படித்தான். ஒரு பை முடி கொடுத்து என்ன வாங்கினோம் என்று யோசித்தால் சிரிப்பு வரும். அளவு யார் கையில் இருக்கிறதோ லாபம் அவர் கையில். அதனால் நாம் செய்யப்போகும் மாற்றில் முதல் கேள்வியே, யார் அளக்கிறது, எதால் அளக்கிறது என்பதுதான்.

அந்தக் கிராமத்திலேயே இதைச் செய்து பார்த்தோம். முதல் மாற்றே தகராறில் முடிந்தது. ஒரு படி மல்லாட்டைக்கு ஒரு படி வடகம் என்று பேசிக்கொண்டார்கள். தொலியோடு ஒரு படி மல்லாட்டை என்றால் அதில் பாதிக்கு மேல் காற்று! தொலி எடுத்த பருப்பு என்றால் அதே படி நிறைய நிற்கும். வடகம் போட்ட அக்கா வீட்டுக்குப் போய் உடைத்துப் பார்த்து, முகம் சுருங்கி, மறுநாள் பேசாமல் போனார். அப்புறம்தான் தராசுக்கு வந்தோம். தராசிலும் ஒரு கணக்கு இருக்கிறது. நூறு கிலோ காயை உடைத்தால் சுமார் எழுபது கிலோ பருப்புதான் தேறும், மீதி தொலி. உடைக்கிற வேலையும் ஒரு பெண்ணுடைய வேலைதான். ஆகவே காயா, பருப்பா என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

வடகத்தின் பக்கமும் பார்க்கணும். சின்ன வெங்காயம் உரித்து இடித்து, பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு சேர்த்துப் பிசைந்து, பகலில் வெயிலில் காயவைத்து, ராத்திரி மூடி எடுத்து வைத்து, மறுபடி பிசைந்து உருட்டி, விளக்கெண்ணெய் தடவி, பத்து நாளைக்குக் குறையாமல் காய்கிறது. மழை வந்தால் போச்சு. ஆனால் நன்றாகக் காய்ந்த வடகம் வருஷம் முழுக்கக் கெடாது. ஐந்து கிலோ வெங்காயத்துக்குப் படுகிற அதே அலைச்சலில் பத்து கிலோ போடலாம். மாற்றுக்கு இப்படிப்பட்ட பொருள்தான் தோது: வெயில் காலத்தில் ஒரே மூச்சில் நிறையச் செய்து, பல மாதம் வைத்துக் கொடுக்கக்கூடியது. மிளகாய்த்தூள், சீயக்காய்த்தூள், மோர்மிளகாய், தென்னந்துடைப்பம், வறட்டி எல்லாம் இந்த வகை. கீரையும் முட்டையும் அன்றன்றைக்கு.

விலை எப்படிப் போடுவது? கடை விலையைப் பார்க்காதீர்கள் என்று நாங்கள் சொன்னோம். அதில் பாக்கெட், வண்டி வாடகை, கடைக்காரர் லாபம் எல்லாம் இருக்கிறது. நோட்டில் இரண்டு கட்டம் போடுங்கள். ஒன்றில் முதல் (காசு கொடுத்து வாங்கிய சாமான்), இன்னொன்றில் உழைப்பு (எத்தனை மணி நேரம்). முதலுக்கு முதல், மணிக்கு மணி. வடகம் இடித்த ஒரு மணியும் மல்லாட்டை உடைத்த ஒரு மணியும் ஒன்றே என்று குழுவில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். தையல் தெரிந்த உறுப்பினர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் ஆறு மாசம் காசு கட்டிக் கத்துக்கினேன். என் ஒரு மணியும் தொலி உரிக்கிற ஒரு மணியும் ஒண்ணா?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதற்கு அந்தக் குழு அவருக்கு ஒரு மணிக்கு ஒன்றரை மணி என்று எழுதிக்கொண்டது. உங்கள் குழு வேறு மாதிரி முடிவு செய்யலாம். எங்களுக்கே இதில் ஒரே கருத்து இல்லை.

இன்றைக்கு நான் கொடுத்து, நீங்கள் ஆடி மாதம் திருப்பித் தருவதாக இருந்தால்? அதற்குத்தான் நோட்டு. கொடுத்தவர், வாங்கியவர், பொருள், எடை, தேதி, இரண்டு கையெழுத்து. கையெழுத்து வராதவர் ரேகை வைக்கலாம். எந்த மாற்றும் மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையில் நிற்கக் கூடாது என்று அந்தக் குழு தீர்மானம் போட்டது.

நோட்டு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குத் தூர தேசத்துக் கதை ஒன்று. தென் அமெரிக்காவில் அர்ஜென்டினா என்ற நாடு. அங்கே தலைநகர் பக்கத்தில் பெர்னால் என்ற ஊரில் 1995 மே 1 அன்று சுமார் இருபது பேர் சேர்ந்து ஒரு மாற்றுக் குழு ஆரம்பித்தார்கள். வீட்டில் செய்த ரொட்டி, ஜாம், தைத்த துணி, முடி வெட்டுவது என்று கொடுத்து வாங்கினார்கள். முதலில் நம்மைப் போல எழுதிவைத்த கணக்கு. குழுக்கள் பெருகியதும் எழுதி மாளவில்லை, சீட்டு அச்சடித்தார்கள். 2001 டிசம்பரில் அந்த நாட்டு அரசு, வங்கியில் போட்ட பணத்தை எடுக்கவே கட்டுப்பாடு போட்டுவிட்டது. நம் ஊரில் 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் செல்லாது என்றபோது நாம் தவித்தது ஞாபகம் இருக்கும், அதைப் போல் பல மடங்கு. கையில் காசு இல்லாத ஜனம் எல்லாம் மாற்றுச் சந்தைக்கு வந்தது. 2002-ல் இருபது லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள் என்று மதிப்பிட்டார்கள், பெரும்பாலோர் பெண்கள். அந்தச் சீட்டும் சந்தையும் பல வீடுகளில் அடுப்பை அணையாமல் வைத்தது.

பிறகு என்ன ஆனது? கள்ளச் சீட்டு வந்தது. செய்துகொண்டு வருகிற பொருள் குறைந்தது, சீட்டு மட்டும் பெருகியது. கை நிறையச் சீட்டு, எதிரே ஒரு ரொட்டிகூட இல்லை. அந்த வருஷத்துக்குள்ளேயே பெரும்பாலான சந்தைகள் சரிந்துவிட்டன. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிகிற சின்னக் குழுக்கள் சில மட்டும் நின்றன. நம் கூட்டமைப்பில் சிலர், "பஞ்சாயத்து முழுக்க டோக்கன் போட்டுடலாம் மேடம்" என்று கேட்கிறார்கள். அவசரப்பட வேண்டாம் என்பதே எங்கள் எண்ணம். ஒரு குழு, ஒரு தெரு, ஒரு நோட்டு போதும்.

அசாமில் ஜோன்பீல் மேளா என்று வருஷா வருஷம் ஜனவரியில் நடக்கிறது. மலையில் இருக்கும் மக்கள் இஞ்சி, மஞ்சள், கிழங்கு கொண்டு வருவார்கள். கீழே இருப்பவர்கள் அரிசிப் பலகாரமும் கருவாடும் கொண்டு வருவார்கள். காசு கிடையாது, பொருளுக்குப் பொருள். பல நூறு வருஷமாக இது நடக்கிறது. அங்கே சீட்டும் இல்லை, நிலுவையும் இல்லை, அன்றைக்கே தீர்ந்துவிடும்.

மாற்றக் கூடாதது ஒன்று இருக்கிறது. ரேஷன் அரிசி. வீதியில் வருகிற வியாபாரியிடம் ரேஷன் அரிசியைக் கொடுத்துச் சாமான் வாங்குவது குற்றம், மாட்டினால் கார்டுக்கும் சிக்கல். ஊறுகாய், மாவு மாதிரிப் பொருள்களைப் பெரிய அளவில் செய்யப்போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் காசுக்குக் கொடுத்தாலும், கடனுக்குக் கொடுத்தாலும், மாற்றாகக் கொடுத்தாலும் விற்பனை என்றுதான் அர்த்தம். கூட்டமைப்பு அலுவலகத்தில் பதிவு பற்றிக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

மிச்சமான காசு எங்கே போகிறது என்று பார்த்தீர்களா? ஒரு உறுப்பினர் மூன்று மாதம் மாற்றிலேயே குழம்புச் சாமான் வாங்கினார், சேமிப்பு மட்டும் ஏறவில்லை. கேட்டால், "கடைக்குப் போவல இல்ல, அந்தக் காச குடுன்னு வூட்டுக்காரரு வாங்கினு போறாரு மேடம்" என்றார். அதிலிருந்து அந்தக் குழுவில் ஒவ்வொரு மாற்றின் போதும், கடையில் வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் தொகையில் பாதியை அன்றைக்கே விருப்பச் சேமிப்பில் கட்டுகிறார்கள். பத்து ரூபாயானாலும் கட்டுகிறார்கள். செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போவதற்கு முன்பே கட்டிவிடுவதாம்!

கடைசியாக, எழுதலாமா வேண்டாமா என்று நாங்கள் யோசித்த விஷயம். ஊர்த்தெருவில் ஒரு குழு, காலனியில் ஒரு குழு, இரண்டும் சேர்ந்து ஒரே நோட்டு வைத்திருந்த இடத்தில் ஆறு மாதப் பக்கங்களைப் புரட்டினோம். ஊர்த்தெருவிலிருந்து மிளகாய்த்தூள், வடகம், ஊறுகாய் எல்லாம் காலனிக்குப் போயிருக்கிறது. காலனியிலிருந்து முட்டை, கீரை, துடைப்பம், வறட்டி வந்திருக்கிறது. அங்கே போட்ட எலுமிச்சை ஊறுகாய் ஒரு வீட்டுக்குக்கூட வரவில்லை. அரைத்த மாவும் வரவில்லை. ஏன் என்று கேட்டால், "எங்க வூட்ல ஊறுகா இருக்குது மேடம்" என்றார்கள். அதே மாதம் அதே வீட்டுக்காரர் வேறு தெருவில் ஊறுகாய் வாங்கியது நோட்டிலேயே இருந்தது.

யார் பெயரையும் சொல்லாமல் கூட்டத்தில் அந்தப் பக்கங்களை வாசித்தோம். யாரும் பேசவில்லை. காலனிக் குழுவின் ஊக்குநர் மட்டும், "எங்க கை முட்டைய தொட்டா பரவால்லயா?" என்று கேட்டார். அடுத்த மாதம் ஊர்த்தெருவிலிருந்து இரண்டு பேர் அந்த ஊறுகாயை மாற்றி வாங்கினார்கள். இரண்டு பேர்தான்.

இந்த மாதக் கூட்டத்தில் உங்கள் குழு நோட்டையும் எடுத்து வையுங்கள். யார் வீட்டிலிருந்து என்ன வந்தது என்று ஒரு முறை வாசியுங்கள். யார் வீட்டிலிருந்து என்ன வரவில்லை என்றும் வாசியுங்கள். இன்னும் ஆரம்பிக்காத குழுக்கள், ஒவ்வொருவர் வீட்டிலும் உபரியாக இருப்பதை ஒரு தாளில் எழுதி வாருங்கள். தராசு நாங்கள் கொண்டு வருகிறோம்.