உடுக்குறி எடுத்துத் தந்த புத்தகம்

மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களின் வரலாறு பற்றி நான் ஓர் ஒப்படை செய்ய வேண்டியிருந்தது. வித்துவான் வி. சீ. கந்தையா எழுதி 1964 இல் வெளிவந்த ‘மட்டக்களப்புத் தமிழகம்’ நூலைப் பார்க்கும்படி டீச்சர் சொன்னார். நூலகக் கணினியில் ‘மட்டக்களப்பு தமிழகம்’ என்று தட்டினேன். பதிவு எதுவும் இல்லை என்று வந்தது. மறுநாள், “அந்தப் புத்தகம் அங்க இல்லை டீச்சர்” என்று சொல்லியும் விட்டேன்.

“மகள், ‘த்’ போட்டுத்தான் தேடினீங்களா?” என்று கேட்டார் டீச்சர்.

அப்போதுதான் விளங்கியது. நமக்கு ‘மட்டக்களப்பு’, ‘மட்டக்களப்புத்’ இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு அவை வேறு சொற்கள். டீச்சர் சொன்னபடி ‘மட்டக்களப்பு* தமிழகம்’ என்று தேடினேன். புத்தகம் அலுமாரியிலேயே இருந்தது!

அன்று கற்றதை உங்களுக்கும் சொல்கிறேன்.

உடுக்குறி (*) இருக்கும் இடத்தில் எத்தனை எழுத்தும் வரலாம். எதுவும் வராமலும் இருக்கலாம். வினாக்குறி (?) பெரும்பாலும் ஒரேயொரு எழுத்துக்கு உரியது.

வேற்றுமை உருபுகள்: ‘வாவி*’ என்றால் வாவி, வாவியில், வாவியின் எல்லாம் வரும். ஆனால் ‘மட்டக்களப்பு*’ என்று தேடினால் ‘மட்டக்களப்பில்’ வராது. ‘பு’ என்பதைக் கணினி ‘ப’, உகரக் குறி என இரண்டாகவே வைத்திருக்கிறது. ஆகவே ‘மட்டக்களப்ப*’ என்று தேட வேண்டும்.

ஆட்பெயர்கள்: ‘மட்டக்களப்பு மான்மியம்’ நூலை 1962 இல் பதிப்பித்தவரின் பெயரை நடராசா என்றும் நடராஜா என்றும் எழுதுவர். ‘நடரா*’ இரண்டையும் தரும். நடராஜனும் கூட வருவார், பார்த்து விலக்க வேண்டும். நமது பெயர்களில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். என் வாப்பாவின் பெயரே பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் வேறு விதம். ‘மு?ம்மது’ என்று தேடினால் முஹம்மது, முகம்மது இரண்டும் வரும். முகமதுவும் வேண்டுமென்றால் ‘மு*மது’ என்று தேடுங்கள். வெறும் ‘மு*’ போட்டால் முதல், முத்து, முயற்சி என்று திரை நிறைந்துவிடும்.

எல்லா நூலகக் கணினிகளும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. சிலவற்றில் உடுக்குறியைச் சொல்லின் இறுதியில் மட்டுமே போடலாம். உதவிப் பக்கத்தை வாசியுங்கள், அல்லது நூலகரிடம் கேளுங்கள்.

டீச்சர் கேட்டிராவிட்டால், இருக்கிற புத்தகத்தை இல்லை என்று சொன்னதோடு என் ஒப்படை முடிந்திருக்கும். நீங்கள் ‘இல்லை’ என்று எழுதுமுன் ஓர் உடுக்குறி போட்டுப் பாருங்கள்.