கியர் ஆயில் மாற்றப் போகும் கயலுக்கு

அன்புள்ள கயல்,

செகண்ட் ஹேண்டில் வாங்கிய காருக்குக் கியர் ஆயிலை நீயே வீட்டில் மாற்றலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக மாற்றலாம். இன்ஜினில் ஆயில் அழுத்தம் குறைந்தால் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். கியர் பாக்ஸுக்கு அப்படி ஒரு விளக்கு கிடையாது. ஆயில் வற்றினாலும் கெட்டாலும் வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். பல்சக்கரம் தேய்ந்து ஊளைச் சத்தம் கேட்கும்போது செலவு கையை மீறியிருக்கும். முன்பு வைத்திருந்தவர் எப்போது மாற்றினார் என்று தெரியாத வண்டியில், உள்ளே இருப்பதை உன் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுவதுதான் நல்லது.

முதலில் கையேட்டைப் பார். எந்த ஆயில், எவ்வளவு என்று அதில் இருக்கும். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 2 லிட்டர் அளவுதான். 75டபிள்யூ-90, ஜிஎல்-4 என்று போட்டிருந்தால் அதையே கேட்டு வாங்கு. “ஜிஎல்-5 இன்னும் உசத்திம்மா” என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல். ஜிஎல்-5 பின் அச்சு டிஃபரன்ஷியலின் கடும் அழுத்தத்துக்காகக் கந்தகமும் பாஸ்பரஸும் கூடுதலாகச் சேர்த்தது. உன் கியர் பாக்ஸில் இருக்கும் சின்க்ரோ வளையங்கள் பெரும்பாலும் பித்தளை. நீ கியர் போடும் ஒவ்வொரு முறையும் அந்த வளையம் பல்சக்கரத்தின் கூம்பை உரசிப் பிடித்து, இரண்டு வேகத்தையும் ஒன்றாக்கிய பிறகுதான் கியர் விழுகிறது. ஆயில் அளவுக்கு மீறி வழுக்கினால் அந்தப் பிடி கிடைக்காது; கந்தகம் பித்தளையை அரிக்கவும் கூடும். ஹோண்டா தன் வண்டிகளுக்கு எம்டிஎஃப் என்று தனி ஆயிலே சொல்கிறது. ஆகவே இந்த விஷயத்தில் கையேடு சொல்வதுதான் சட்டம்.

பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து வேலையைத் தொடங்கு. ஆயில் இளகியிருந்தால் அடிமண்டியோடு இறங்கும். புகைக்குழாய் மட்டும் கொதிக்கும், கை படாமல் பார்த்துக்கொள். ஜாக்கியை நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகாதே. கெட்டியான சமதளத்தில், நான்கு பக்கமும் ஜாக் ஸ்டாண்டில் நிறுத்து. முன்பக்கத்தை மட்டும் தூக்கினால் கியர் பாக்ஸ் சாய்ந்து, ஆயில் மட்டம் பொய்யாகக் காட்டும். ஸ்டாண்ட் கிடைக்காவிட்டால், குழி உள்ள ஒர்க் ஷாப்பில் ஒரு மணி நேரம் இடம் கேள்.

கியர் பாக்ஸில் இரண்டு போல்ட் தேடு. அடியில் இருப்பது ஆயிலை இறக்க. பக்கவாட்டில், சற்று மேலே இருப்பது ஊற்ற. ஊற்றும் போல்ட்டைத்தான் முதலில் கழற்ற வேண்டும். இந்த வரிசையை எதற்காகவும் மாற்றாதே. வருஷக்கணக்கில் கை படாத போல்ட் துருவேறி இறுகியிருக்கும். கீழே இருப்பதைத் திறந்து எல்லாவற்றையும் வடித்துவிட்டு, மேலே இருப்பது வரவில்லை என்றால், சொட்டு ஆயில் இல்லாத கியர் பாக்ஸோடு வண்டி நடு வாசலில் நிற்கும். அளவு சரியான சாக்கெட்டை ஆழமாகப் பொருத்தி இழு. தளர்வான ஸ்பானர் போல்ட்டின் முனைகளை மழுக்கிவிடும்.

இனி அடி போல்ட். கழற்றியதும் அதன் நுனியைப் பார். பல வண்டிகளில் அங்கே ஒரு காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருந்தால் கவலை வேண்டாம். அது சாதாரணத் தேய்மானம். விரலால் தேய்த்துப் பார், நைசாக இருக்க வேண்டும். நறுக்கென்று துண்டு தட்டுப்பட்டால் ஒரு பல் உடைந்திருக்கிறது என்று பொருள். ஆயில் பால் விட்ட டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சென்னையில் பழைய கார் வாங்கியவள் நீ, இதைக் கவனித்துப் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. கியர் பாக்ஸுக்கு மேலே மூச்சுவிட ஒரு சிறு குழாய் உண்டு. சூடான கியர் பாக்ஸ் தண்ணீரில் இறங்கிச் சட்டென்று குளிரும்போது, அதன் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அப்படி வந்தால் புது ஆயில் ஊற்றி, சில நாள் ஓட்டி, மறுபடியும் மாற்று.

போல்ட்டைத் துடைத்து, புது வாஷர் போட்டு மூடு. கியர் பாக்ஸின் கூடு அலுமினியம். ஆத்திரத்தில் முறுக்கினால் மரை போய்விடும். கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கு.

ஊற்றுவதற்குத்தான் பொறுமை வேண்டும். ஆயில் பாட்டிலை முன்கூட்டியே வெயிலில் வைத்திரு, இளகும். பானெட் பக்கமிருந்து புனலில் ஒரு நீளக் குழாயைச் செருகி, மறுமுனையைத் துளைக்குள் விடு. மேலே ஒருவர் ஊற்ற, கீழே நீ பார்த்துக்கொண்டிரு. துளையின் விளிம்பு வழியாக ஆயில் மெல்ல வழிய ஆரம்பித்ததும் நிறுத்தச் சொல். வழிவது நின்றதும் மூடு. நிறைய கார்களில் அந்தத் துளையே மட்டம். குறைவாக ஊற்றாதே: பல கார்களில் ஐந்தாவது கியர் ஓரமாக, உயரத்தில் இருக்கும், மட்டம் இறங்கினால் முதலில் காய்வது அதுதான்.

வடித்த ஆயிலை மூடியுள்ள கேனில் அடைத்து, பழைய ஆயில் எடுக்கும் ஒர்க் ஷாப்பில் கொடு. சாக்கடையிலோ மரத்தடியிலோ ஊற்றவே கூடாது. கழிவு மேலாண்மைக்கான 2016 விதிகளின்படி அது அபாயகரமான கழிவு.

ஒரு வாரம் கழித்து, இரவில் வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வை. காலையில் போல்ட்டுக்கு நேரே சொட்டு விழுந்திருந்தால் வாஷரைப் பார். டிரைவ் ஷாஃப்ட் கியர் பாக்ஸில் நுழையும் இடத்துக்கு நேரே விழுந்திருந்தால் சீல் போயிருக்கிறது. அதற்கு ஷாஃப்டைக் கழற்ற வேண்டியிருக்கும். அந்த வேலையை மெக்கானிக்கிடம் விடு.

அன்புடன்,
மாமா