பழக்கம் என்று ஒதுக்கப்படும் கல்வி

(அங்கத்தினர் கல்விப் பாடம்)

நம் சங்கங்களின் ஆஸ்திப் பட்டியலை எடுத்துப் பார்த்தால், அதில் கட்டிடம் இருக்கும், தறிகள் இருக்கும், நூல் கையிருப்பும், துணிக் கையிருப்பும், வங்கியில் உள்ள ரொக்கமும் இருக்கும். விவசாயச் சங்கமாயின் கிடங்கும் தராசும், உரமும் விதையும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மதிப்பு எழுதப்பட்டு, ஆண்டுதோறும் தணிக்கையில் சரிபார்க்கப்படும். ஆயினும் அப்பட்டியலில் ஒருநாளும் ஏறாத ஆஸ்தி ஒன்று உண்டு. அங்கத்தினர்களின் கைகளில் தங்கியுள்ள தொழிலறிவே அது. பட்டியலில் இல்லாமையால், அது குறைந்தாலும் எவரும் கவனிப்பதில்லை. அடியோடு போய்விட்டாலும் நஷ்டக் கணக்கில் அது எழுதப்படுவதில்லை. இந்த ஆஸ்தியை அடையாளம் காண்பது எங்ஙனம், பிறருக்கு வழங்குவது எங்ஙனம் என்பதே இம்மாதப் பாடம்.

1. எழுதாமல் விட்டதன் விலை

நாம் இவ்வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு நெசவாளர் சங்கத்தின் சாயப்பட்டறையைப் பார்வையிட்டோம். அங்கே முதியவர் ஒருவர் சாயமிட்டு வந்தார். தொட்டியின் நிறத்தைப் பார்த்தும், நூலைத் தூக்கி வெளிச்சத்தில் பிழிந்து பார்த்தும் அவர் பதம் சொல்லுவார். முதல் தொட்டியில் தோய்த்த சிட்டத்தையும் கடைசித் தொட்டியில் தோய்த்த சிட்டத்தையும் அருகருகே வைத்தால் வேற்றுமை காண இயலாது. அதன் முறையை எழுதி வைக்கவேண்டும் என்று நமக்குத் தோன்றியது. ஆயினும் கணக்குப் புத்தகங்கள் காத்திருந்தன. "அடுத்த முறை வரும்போது எழுதிக்கொள்வோம்" என்று சொல்லி வந்துவிட்டோம்.

அடுத்த முறை சென்றபோது அவர் காலமாகியிருந்தார். அதே சாயப்பொடி, அதே தராசு, அதே தொட்டி எல்லாம் இருந்தன. ஆனால் நூல் தொட்டிக்குத் தொட்டி நிறம் மாறி வந்தது. ஒரே சேலையில் இரண்டு நிறச் சாயல் தெரிந்தது. சரக்குகள் திரும்பி வந்தன. இறுதியில் பட்டறையை மூடிவிட்டு, சாயமிட்ட நூலை வெளியில் வாங்கத் தொடங்கினார்கள். அவ்வாண்டு தணிக்கை அறிக்கையை எழுதியவர்கள் நாமே. தொட்டிகளின் தேய்மானத்தைப் பைசா பிசகாமல் எழுதினோம். உண்மையில் நஷ்டமானது எதுவோ, அதற்கு எழுத ஓர் இனம் அப்படிவத்தில் இல்லை.

2. திறமை ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை?

சில ஆண்டுகளுக்குப் பின் வேறொரு சங்கத்தில் கூலிப் பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். துணியில் குறை இருந்தால் கூலியில் பிடித்தம் செய்வது அச்சங்கத்தின் வழக்கம். பக்கந்தோறும் பிடித்தம் இருந்தது. ஆனால் ஓர் அங்கத்தினரின் பக்கத்தில் மட்டும் மூன்று ஆண்டுகளாக அந்தக் கட்டம் வெறுமையாகவே இருந்தது. அவர் வீட்டுக்குச் சென்று காரணம் கேட்டோம். "இதில் என்ன இருக்கிறது ஐயா? எல்லோரும் செய்கிறதைத்தான் நானும் செய்கிறேன். கை பழகிவிட்டது, அவ்வளவுதான்" என்றார்.

அவர் எதையும் ஒளிக்கவில்லை. பணிவுக்காகவும் அப்படிச் சொல்லவில்லை. உண்மையாகவே அவ்வாறு நம்பினார். சைக்கிள் ஓட்டுகிறவன் தான் எங்ஙனம் சாயாமல் செல்கிறான் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. நீண்ட நாள் பயின்ற தொழிலும் அத்தகையதே. முதலில் அறிவாக இருந்தது கையில் இறங்கியபின் நினைவைவிட்டு நீங்கிவிடுகிறது. எனவே, ஒருவர் எதில் மிக வல்லவரோ அதைப்பற்றியே அவரால் மிகக் குறைவாகச் சொல்ல முடிகிறது.

இம்முறை நாம் ஒத்திப்போடவில்லை. இரண்டு நாட்கள் காலையும் மாலையும் அவருடைய குழித்தறியின் அருகே அமர்ந்து பார்த்தோம். மூன்று செய்திகள் புலப்பட்டன.

முதலாவது: மாலையில் தறியைவிட்டு எழுமுன் பாவின் விறைப்பைச் சிறிது தளர்த்திவிடுவார். காலையில் அளவாக இழுத்துக் கட்டி, நெய்த துணியின் முனையைத் தடவிப் பார்த்து, முதல் சில ஊடைகளை மெல்ல அடிப்பார். ஆகவே, தறி நின்ற இடத்தில் துணியில் தடம் விழுவதில்லை.

இரண்டாவது: நெய்ய அமருமுன் அன்றைக்கு வேண்டிய தார்களை வெளிச்சத்தில் பரப்பி, ஒரே முறையில் சாயமேறிய நூலை ஒன்றாகச் சேர்த்துக்கொள்வார்.

மூன்றாவது: கோடையில் காற்று வறண்டிருக்கும்போது குழிக்குள் நீர் தெளித்துக்கொள்வார். ஈரக்காற்றில் பருத்தி இழைக்கு வலு அதிகம். வறட்சியில் அது எளிதில் அறும்.

இவற்றை எழுதி அவருக்கே படித்துக் காட்டினோம். தாளின் தலைப்பில் அவர் பெயரும் இருந்தது. சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நாலாவது ஒன்று விட்டுப்போயிற்றே. நாடா ஓடுகிற சத்தம் மாறினால் நான் உடனே நிறுத்திவிடுவேன். இழை அறுந்த பிறகு பார்ப்பதில்லை, அறுவதற்கு முன்பே பார்ப்பேன்" என்றார். தம் பழக்கத்தை அறிவென்று அவர் உணர்ந்தது அந்த நொடியில்தான் என்று நாம் கருதுகிறோம்.

3. உங்கள் திறமையை நீங்களே கண்டறிவது எப்படி?

அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் நான்கு.

(அ) அண்டை வீட்டார் எந்தக் காரியத்துக்கு உங்களைத் தேடி வருகிறார்கள்? பாவு பிணைக்கவா? ஜக்கார்டு பெட்டி சிக்கினால் சரிசெய்யவா? நாற்று பழுத்தால் காரணம் சொல்லவா? தம் திறமையைத் தாம் அறியாவிடினும் ஊரார் அறிவார்கள்.

(ஆ) பிறர் வருந்திச் செய்யும் எந்த வேலை உங்களுக்கு எளிதாயிருக்கிறது? எளிதாயிருப்பதாலேயே அதை அற்பமென்று எண்ணுகிறோம். உண்மை அதற்கு மாறானது.

(இ) பிறர் செய்த வேலையைப் பார்த்தவுடன் எந்தக் குறை உங்கள் கண்ணை உறுத்துகிறது? அந்தக் கண் ஒரே நாளில் வந்ததன்று.

(ஈ) முன்பு நஷ்டப்பட்டு, பிறகு எந்தத் தவற்றைச் செய்யாமல் விட்டீர்கள்? நஷ்டத்தில் கற்ற பாடமே பிறருக்கு மிகுதியும் பயன்படும்.

இவற்றுக்கு விடை காணும்போது தற்பெருமை ஆகிவிடுமோ என்று கூசவேண்டியதில்லை. கணக்கில் உள்ளதை உள்ளபடி எழுதுவது பெருமையன்று. கையிருப்பைக் குறைத்துக் காட்டுவதும் தவறான கணக்கே.

4. பகிரும் முறை

முன்னாளில் இதற்குத் தனி முயற்சி வேண்டியிருக்கவில்லை. காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையை எடுத்துக்கொள்வோம். உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமுமாக மூன்று நாடாக்களைக் கொண்டு, ஊடைக்கு ஊடை இணைத்து நெய்வது அது. தறியின் மறுபக்கத்து நாடாவைப் போட ஒரு துணையாள் வேண்டும். பெரும்பாலும் வீட்டுப் பிள்ளை ஒருவனே அங்கே அமர்ந்தான். அமர்ந்த இடமே அவனுக்குப் பள்ளிக்கூடம். இன்று பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்கிறார்கள். அது நல்லதே, அவ்வாறே நடக்கவேண்டும். ஆனால் தானாக நடந்துவந்த அந்தத் தொழிற்கல்வி நின்றுபோயிற்று. இனி முனைந்து கற்பித்தால்தான் உண்டு.

மேற்சொன்ன முதியவரிடம் இளைஞர் இருவரை அனுப்பியபோது முதலில் பயன் கிட்டவில்லை. அவர் பேசினார், அவர்கள் கேட்டார்கள், கையில் ஒன்றும் ஏறவில்லை. பின்னர் முறையை மாற்றினோம். இளைஞர் நெய்யவும், அவர் பக்கத்தில் அமர்ந்து தவறு நேர்ந்த இடத்தில் மட்டும் நிறுத்தவும் ஏற்பாடாயிற்று. ஓராண்டு கழித்து அவ்விருவருடைய பக்கங்களிலும் பிடித்தம் வெகுவாகக் குறைந்திருந்தது. இந்த அனுபவத்திலிருந்து நாம் கண்ட விதிகள்:

ஒரு நாளைக்கு ஒரு செய்தியே கற்பிக்கவேண்டும். எப்படிச் செய்வது என்பதோடு ஏன் செய்கிறோம் என்பதையும் சொல்லவேண்டும். காரணம் தெரிந்தவன் நிலைமை மாறும்போது முறையையும் மாற்றிக்கொள்வான். நல்ல துணியைக் காட்டுவதோடு, கெட்ட துணியையும் காட்டிக் குறையைத் தொட்டுப் பார்க்கச் செய்யவேண்டும். வல்லவருக்கு எழுத நேரமில்லையாயின், வேறொருவர் பார்த்து எழுதி அவரிடம் படித்துக் காட்டித் திருத்தம் பெறவேண்டும். கைப்பேசியில் கையசைவைப் படம் பிடித்து வைப்பது இக்காலத்தில் எளிது. எல்லாவற்றுக்கும் மேலாக, யாரிடம் கற்றதென்று பெயரைப் பதியவேண்டும்.

5. "சொல்லிக் கொடுத்தால் என் கதி என்ன?"

இக்கேள்வியைப் பல ஊர்களில் கேட்டிருக்கிறோம். இது சுயநலம் என்று தள்ளிவிடத் தக்கதன்று. வல்லவர் தம் திறமையை இலவசமாகக் கொடுத்துவிட்டுக் கூலியை இழந்து நிற்பது நியாயமன்று. கற்பிக்கும் நாட்களுக்குச் சங்கம் கூலி வழங்கவேண்டும். அதை நிர்வாகக் குழுவின் தீர்மானத்தில் எழுதவும் வேண்டும்.

சட்டத்தின் துணையும் உண்டு. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அவ்வுரிமை தனியொருவருடையதன்று, அத்தொழிலைச் செய்வோர் கூட்டாக அனுபவிப்பது. புதிதாக வரைந்த வடிவத்தை 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புகள் சட்டத்தின்கீழ்ப் பதியலாம். ஆனால் வெளியிடுவதற்கு முன்பே விண்ணப்பிக்கவேண்டும். ஆகவே கற்பிக்கவேண்டியது செய்முறை. காத்துக்கொள்ளவேண்டியது பதியாத புது வடிவம். இவ்விரண்டையும் பிரித்துக்கொண்டால் பாதி அச்சம் தீரும்.

6. பயிரிடுவோர்க்கு

விவசாயிகளுக்கும் இது முற்றும் பொருந்தும். மகாராஷ்டிர மாநிலத்தின் சிறு விவசாயி தாதாஜி கோப்ரகடே, 1983-இல் தம் வயலில் மற்றவற்றினின்று மாறுபட்ட சில நெற்கதிர்களைக் கண்டார். அவற்றைத் தனியே எடுத்துப் பல பருவங்கள் விதைத்துத் தேர்ந்தார். எச்.எம்.டி. என்னும் கைக்கடிகாரத்தின் பெயரால் அந்நெல் வேறு மாநிலங்களிலும் பரவியது. விதை பரவிய வேகத்தில் அவர் பெயர் பரவவில்லை. அதற்கேற்ற வருவாயும் அவருக்குக் கிட்டவில்லை. அவர் 2018-இல் காலமானார். விவசாயிகள் தம் ரகங்களைத் தம் பெயரில் பதிந்துகொள்ள 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் வழி செய்கிறது. தம்மிடம் உள்ளதை அறிவென்று உணர்கிறவரே அச்சட்டத்தைப் பயன்படுத்த முடியும்.

பகிர்வதற்கு நம் அருகிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்த நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய நெல் ரகங்களைத் திரட்டினார். ஆதிரெங்கத்தில் அவர் நடத்திய நெல் திருவிழாவில், 2 கிலோ விதை பெற்றுச் செல்கிறவர் மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பது ஏற்பாடு. அவரும் 2018-இல் மறைந்தார். ரகங்கள் பல வயல்களில் நிற்கின்றன. கொடுத்தது குறையாமல் இரட்டித்துத் திரும்பும் அந்த ஏற்பாடு, அறிவுக்கும் ஏற்றதே. ஒருவரிடம் கற்றவர் மறு ஆண்டு இருவருக்குக் கற்பிக்கட்டும்.

சிறு முறைகளும் எழுதத் தக்கவையே. நல்ல கோழி முட்டை மேலே மிதக்கும் அளவுக்கு நீரில் உப்பைக் கரைத்து, அதில் விதைநெல்லைப் போட்டால் பதர் மிதக்கும். திரண்ட விதை தங்கும். தங்கியதை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசி விதைக்கவேண்டும். அலசாவிடின் உப்பு முளைப்பைக் கெடுக்கும். கேட்டுப் பாருங்கள்: முட்டையை நினைவில் வைத்திருப்பவர் பலர், அலசுவதைச் சொல்ல மறப்பவரும் பலர். எழுதாத முறை பாதியாய்த் தேய்வது இப்படித்தான்.

7. முடிவாக

1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கூட்டுறவுக் கடை திறந்த முன்னோடிகள் 28 பேரில் நெசவாளரும் இருந்தனர். மாவும் வெண்ணெயும் விற்கத் தொடங்கிய அவர்கள், பின்னர் மிச்சத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கினார்கள். சர்வதேசக் கூட்டுறவு இணையம் 1995-இல் வகுத்த ஏழு கொள்கைகளிலும் ஐந்தாவது, கல்வியும் பயிற்சியும் பற்றியதே. கல்வி என்றதும் வெளியிலிருந்து ஒருவர் வந்து சொற்பொழிவாற்றுவது என்று எண்ணிவிடுகிறோம். அங்கத்தினர் அங்கத்தினருக்குக் கற்பிப்பதே அதன் முதற்படி.

எனவே ஒவ்வொரு சங்கமும் 'அனுபவப் பதிவேடு' என்னும் நோட்டுப்புத்தகம் ஒன்றைத் திறக்கும்படி வேண்டுகிறோம். மாதம் ஒரு பக்கம் எழுதினால் போதும். முதல் பக்கத்தை வயதில் மூத்த அங்கத்தினரிடமிருந்து தொடங்குங்கள். "அடுத்த முறை" என்று ஒத்திப்போடாதீர்கள். அச்சொல்லின் விலை என்னவென்று நாம் அறிவோம்.

கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

1. நம் சங்கத்தில் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த வேலைகள் எவை?

2. அவர் நாளை வராவிடில் எந்தச் சரக்கு நின்றுபோகும்?

3. கற்பிப்பவருக்கு நாள் ஒன்றுக்கு என்ன கூலி வழங்கலாம்?

4. வருகிற கூட்டத்தில் தம் அனுபவம் ஒன்றை முதலில் சொல்ல முன்வருபவர் யார்?