லேசர் பாதுகாப்பும் சிக்கல் வழிக் கற்றலும்

1960ஆம் ஆண்டில் அமெரிக்க இயற்பியலாளர் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். இன்று நம் நாட்டில் தகடு வெட்டும் பட்டறை முதல் கண் மருத்துவமனை வரை லேசர் பயன்படுகிறது. ஆயினும், விதிகளைப் படித்துக் காட்டிக் கையொப்பம் பெறுவதே பாதுகாப்புப் பயிற்சி எனக் கருதும் போக்கு முற்றிலும் மறைந்துவிடவில்லை.

லேசர் கருவிகள் ஆபத்துக்கேற்ப 1 முதல் 4 வரையிலான வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. தொடர்ந்து ஒளிரும் கருவியின் திறன் அரை வாட்டுக்கு மேற்பட்டால் அது 4ஆம் வகுப்பைச் சேரும். இதனை மனப்பாடம் செய்த தொழிலாளியும் விபத்துக்கு உள்ளாகலாம். விதி ஏட்டில் இருக்கிறது. ஆபத்தோ வேலையின் நெருக்கடியில் எழுகிறது.

சிக்கல் வழிக் கற்றல் இங்கு துணை புரியும். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969இல் தொடங்கிய மருத்துவப் படிப்பில் இம்முறையைக் கையாண்டது. முதலில் சிக்கல், பின்னர் பாடம் என்பதே இதன் வரிசை. கீழ்க்காணும் சிக்கலை ஆறேழு பேர் கொண்ட குழுவிடம் அளிப்பதாகக் கொள்வோம்.

'1064 நானோமீட்டர் லேசரின் கதிர்ப்பாதையைப் பணியாளர் ஒருவர் சரிசெய்ய வேண்டும். கதிர் கண்ணுக்குப் புலப்படாது. அலமாரியில் இருப்பது 532 நானோமீட்டர் ஒளிக்குரிய பாதுகாப்புக் கண்ணாடி மட்டுமே. மாலைக்குள் வேலை முடிய வேண்டும். அவர் செய்ய வேண்டியது என்ன?'

குழுவினர் தாம் அறிந்தவற்றையும் அறிய வேண்டியவற்றையும் பட்டியலிட்டு, விடை தேடி, மீண்டும் கூடுவர். பயிற்றுநர் விடை கூறாமல் வினாக்களால் வழிநடத்துவார். இந்த அகச்சிவப்புக் கதிர் விழித்திரையில் குவியும் என்பதையும், கண்ணுக்குப் புலப்படாததால் இமை தானே மூடிக் காக்காது என்பதையும், எரிந்த விழித்திரை மீண்டும் வளராது என்பதையும் அவர்களே கண்டறிவர். கண்ணாடியில் பொறித்துள்ள அலைநீளமும் ஒளி அடர்த்தி எண்ணும் கருவிக்குப் பொருந்த வேண்டும் என்பதும் விளங்கும். கண்ணாடி இறுதி அரணே. கதிர்ப்பாதையை மூடுதல், திறனைக் குறைத்தல், பளபளக்கும் கருவிகளை அகற்றுதல் ஆகியவை அதற்கு முற்பட்டவை.

இறுதியில் ஒரு வினா எஞ்சும்: வேலையை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? இதற்கு விடையளிக்க வேண்டியவர் தொழிலாளி அல்லர், நிருவாகமே. ஆகவே மேற்பார்வையாளரும் குழுவில் அமர்தல் இன்றியமையாதது.

இம்முறைக்குக் காலமும் தேர்ந்த பயிற்றுநரும் தேவை. அடிப்படை விதிகளைக் கற்பிக்காமல் எவரையும் கதிரருகே அனுப்பலாகாது. ஆயினும், பயிற்சியின் பயனைக் கையொப்பங்களைக் கொண்டு அளவிட இயலாது. பொருத்தமான கண்ணாடி இல்லாதபோது தொழிலாளி அச்சமின்றிக் கருவியை நிறுத்துகிறாரா என்பதே அதன் உரைகல்.